பெயரைப் பறிகொடுத்த கேப்டன்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் அமெரிக்கக் காமிக்ஸ் வீரர் 'ஷஸாம்' பற்றி நான்கே வரிகள் எழுதியிருந்தோம். அதில் ஒரு வரி தவறு. அதைச் சுட்டிக்காட்டி வந்த கடிதங்களும், அதையொட்டிக் கிளம்பிய மற்ற கேள்விகளும் சேர்ந்து இந்த இதழ்ப் பகுதியை முழுக்கப் பிடித்துக்கொண்டன.

கே: 'ஷஸாமின் பழைய பெயர் கேப்டன் மார்வெல்' என்று எழுதியிருந்தீர்கள். கேப்டன் மார்வெல் பெண் அல்லவா? பிரீ லார்சன் நடித்தாரே?

ப: இருவருமே கேப்டன் மார்வெல்தான். சிவப்பு உடையும் நெஞ்சில் மின்னலுமாக வருபவர் 1940-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபாசெட் பதிப்பகத்தில் பிறந்தவர். பிரீ லார்சன் நடித்த கேரல் டான்வர்ஸ் 'மார்வெல்' நிறுவனத்தின் பாத்திரம்; அந்தப் பட்டம் அவருக்கு வந்தது 2012-இல். 2019-இல் இரண்டு படங்களும் ஒரு மாத இடைவெளிக்குள் வெளியாயின: மார்ச் 8 அன்று 'கேப்டன் மார்வெல்', ஏப்ரல் 5 அன்று 'ஷஸாம்!'. பெயருக்கு முதலில் உரியவர் இரண்டாவது படத்தில் இருந்தார். ஆனால் அந்தப் பெயரை விளம்பரத்தில் போட அவரால் முடியாது. ஏன் என்பதைத்தான் கீழே வரும் பாதிக் கேள்விகள் கேட்கின்றன.

கே: 'விஸ் காமிக்ஸ் முதல் இதழில் அறிமுகமானார்' என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஓர் இதழே இல்லை என்கிறான் என் மகன்.

ப: மகன் சொல்வதுதான் சரி. 1940 பிப்ரவரி தேதியிட்டு 10 சென்ட் விலையில் கடைக்கு வந்த அறிமுக இதழின் எண் 2. முதல் எண் விற்பனைக்கே வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகைத் தலைப்பை மற்றவர் எடுக்குமுன் பிடித்துக்கொள்ள, சில பிரதிகளை மட்டும் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பதிவுக்கு அனுப்புவார்கள். 'ஆஷ்கேன்' என்று அதற்குப் பெயர். சாம்பல் தொட்டிக்குப் போக வேண்டிய பிரதி என்று பொருள். ஃபாசெட் முதலில் 'ஃப்ளாஷ் காமிக்ஸ்', 'த்ரில் காமிக்ஸ்' என்று இரண்டு தலைப்புகளில் ஆஷ்கேன் போட்டது. அதற்குள் வேறொரு பதிப்பகம் 'ஃப்ளாஷ் காமிக்ஸ்' என்றும், இன்னொன்று 'த்ரில்லிங் காமிக்ஸ்' என்றும் முந்திக்கொண்டன. கடைசியில், நிறுவனர் வில்ஃபோர்ட் ஃபாசெட் 1919-இல் தொடங்கிய 'கேப்டன் பில்லீஸ் விஸ் பேங்' என்ற நகைச்சுவை இதழின் பெயரிலிருந்து 'விஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆஷ்கேன் ஒன்றாம் எண்ணைத் தின்றுவிட்டதால் கடைக்கு வந்தது இரண்டு.

குழப்பம் அதோடு முடியவில்லை. அறிமுக இதழின் அட்டையில் எண் கிடையாது; உள்ளே 2 என்றிருக்கும். அடுத்த இதழின் அட்டையிலும் எண் இல்லை, உள்ளே 3. அதற்கடுத்த இதழின் அட்டையிலும் 3. ஆக, மூன்றாம் எண் இரண்டு. ஒன்றாம் எண் பூஜ்யம். பழைய இதழ்ப் பட்டியல்களைப் பார்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவும். சில பட்டியல்கள் அச்சில் உள்ள எண்ணைத் தரும். சில, வெளிவந்த வரிசையில் 1, 2, 3 என்று எண்ணும்.

கே: 'ஷஸாம்' என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் உண்டா?

ப: பில்லி பேட்சன் என்ற சிறுவன் கேப்டன் மார்வெலாக மாறச் சொல்லும் மந்திரச் சொல் அது; ஆறு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துக் கோவை. சாலமனின் ஞானம், ஹெர்குலிஸின் பலம், அட்லஸின் தாக்குப்பிடிக்கும் திறன், ஜீயஸின் ஆற்றல், அக்கிலீஸின் துணிவு, மெர்க்குரியின் வேகம். ஒருவர் பைபிளிலிருந்து, மற்றவர்கள் கிரேக்க ரோமானியக் கதைகளிலிருந்து. கலப்படத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கதாசிரியர் பில் பார்க்கர் முதலில் யோசித்தது ஆறு வீரர்கள் கொண்ட ஒரு குழுவை. ஆளுக்கு ஒரு வல்லமை. ஆறு பேரையும் ஒரே ஆளாக்கிவிடுங்கள் என்றார் ஆசிரியர் குழுத் தலைவர் ரால்ஃப் டே. அந்த ஒரே ஆளுக்கு 'கேப்டன் தண்டர்' என்று பெயர் வைத்து ஆஷ்கேனும் அச்சாகிவிட்டது. அந்தப் பெயரும் வேறொருவர் கையில் இருந்தது. ஓவியர் பீட் கோஸ்டான்சா 'கேப்டன் மார்வெலஸ்' என்றார். வால் பகுதியை நறுக்கி 'மார்வெல்' ஆக்கினார்கள். வரைந்தவர் சி.சி. பெக். நடிகர் ஃப்ரெட் மெக்மரியின் முகத்தை மனத்தில் வைத்து, குறைந்த கோடுகளில் வரைந்தார். அதனால்தான் 80 ஆண்டு கழித்தும் அந்தப் பக்கங்கள் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. தசைநாரை எண்ணி எண்ணி வரைந்த பல ஓவியர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

கே: மேரி மார்வெலும் அதே 'ஷஸாம்' சொல்கிறாள். அவளுக்கு ஹெர்குலிஸா?

ப: இல்லை. பில்லியின் சகோதரியான அவளுக்குத் தனிப் பட்டியல்: செலீனா, ஹிப்போலிட்டா, அரியாட்னி, ஸெஃபைரஸ், அரோரா, மினெர்வா. காற்றுத் தேவனான ஸெஃபைரஸைத் தவிர எல்லோரும் பெண்கள். மேரி 1942 டிசம்பரில் 'கேப்டன் மார்வெல் அட்வென்சர்ஸ்' 18-ஆம் இதழில் வந்தாள்.

அவளுக்கு ஓராண்டு முன்பே, 'விஸ்' 25-ஆம் இதழில், கேப்டன் மார்வெல் ஜூனியர் வந்துவிட்டான். ஊன்றுகோல் வைத்து நடக்கும் ஃப்ரெடி ஃப்ரீமன் என்ற சிறுவன். அவன் சொல்ல வேண்டிய மந்திரச் சொல் 'ஷஸாம்' அல்ல, 'கேப்டன் மார்வெல்'. அதாவது, "நீ யார்?" என்று யாராவது கேட்டால், பதிலைச் சொல்லி முடிக்குமுன் மின்னல் இறங்கிப் பழையபடி ஃப்ரெடி ஆகிவிடுவான். தன் பெயரைத் தானே சொல்ல முடியாத வீரன்! இந்த வேடிக்கையை நினைவில் வையுங்கள். கடைசிக் கேள்வியில் திரும்பி வரும்.

கே: 'கேப்டன் அமெரிக்கா'வை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் கேப்டன் மார்வெலையும் வரைந்தார்களாமே?

ப: ஆம். 1941-இல் 'கேப்டன் மார்வெல் அட்வென்சர்ஸ்' முதல் இதழை, பெயர் போடாமல், பெக்கின் பாணியைப் பின்பற்றி.

கே: திரையில் முதன்முதலில் தோன்றிய காமிக்ஸ் சூப்பர் வீரர் சூப்பர்மேன்தானே?

ப: சதை ரத்தத்தோடு என்றால் இல்லை, அந்த இடம் கேப்டன் மார்வெலுக்கு. ரிபப்ளிக் நிறுவனம் முதலில் சூப்பர்மேனைத்தான் கேட்டது, பேச்சுவார்த்தை முறிந்தது. கையில் இருந்த திரைக்கதையை வேறு பாத்திரத்துக்கு மாற்றி 1940-இல் 'மிஸ்டீரியஸ் டாக்டர் சாட்டன்' என்று எடுத்துவிட்டார்கள். பிறகு ஃபாசெட்டிடம் போய், 1941-இல் 'அட்வென்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்' என்ற 12 பாகத் தொடர்படத்தை எடுத்தார்கள். இயக்கம் வில்லியம் விட்னியும் ஜான் இங்கிலிஷும். கேப்டனாக டாம் டைலர், பில்லி பேட்சனாக ஃபிராங்க் காக்லன் ஜூனியர். முதல் பாகம் மார்ச் 28 அன்று வெளிவந்தது. சூப்பர்மேனின் அசைபடக் குறும்படங்கள் அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தன. நடிகரை வைத்து எடுத்த சூப்பர்மேன் வர 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கே: கணினி இல்லாத 1941-இல் அவரை எப்படிப் பறக்கவைத்தார்கள்? பார்த்தால் நம்பும்படி இருக்கிறதே!

ப: ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் சகோதரர்களின் கைவேலை. பறப்பது ஆளல்ல, பொம்மை. மனித உயரத்தைவிடச் சற்றே பெரிதாக, காகிதக்கூழில் செய்தது. எடை சுமார் 15 பவுண்டு, நம் கணக்கில் ஏழு கிலோவுக்கும் குறைவு. கனம் கூடினால் கம்பி தொய்யும், கம்பி தொய்ந்தால் பறப்பவர் நடுவழியில் குழியில் இறங்கி ஏறுவதுபோல் தெரியும். அதனால் உடையைக்கூட மெல்லிய பட்டிலும் பருத்தியிலும் தைத்தார்கள்.

பொம்மையின் இரு தோள்களிலும் இரு கெண்டைக்கால்களிலும் சிறு கப்பிகள். அவற்றின் வழியே கம்பிகளைக் கோத்து, ஒரு முனையை உயரத்திலும் மறு முனையைத் தாழ்விலும் இழுத்துக் கட்டுவார்கள். மேலே கொண்டுபோய் விட்டால் தன் எடையாலேயே சறுக்கி இறங்கும். மோட்டார் இல்லை, இழுப்பவர் இல்லை. அசைவு அவ்வளவு சீராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

கீழிருந்து மேலே பறக்க வேண்டுமென்றால்? பொம்மையைப் பின்புறமாகக் கோத்து அதே கம்பியில் கீழே விட்டு, கேமராவைத் தலைகீழ் ஓட்டத்தில் ஓட்டுவார்கள். திரையில் மேலேறுவதுபோல் தெரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பின்னோக்கிச் சறுக்கும் பொம்மையின் மேலங்கி காற்றில் தலைப்பக்கமாகப் புரளும்; படத்தைத் திருப்பி ஓட்டினால், பறக்கிற திசைக்கு முன்னால் அங்கி ஓடும். எல்லாம் குட்டு உடைந்துவிடும். அதனால் மேலேறும் காட்சிகளுக்கு மட்டும் அங்கியில் எடை கட்டிக் கீழே அழுத்தி வைத்தார்கள்.

பொம்மைக்கு முகபாவம் கிடையாது. ஆகவே அதை எட்டத்தில்தான் காட்டுவார்கள். முகம் தெரிய வேண்டிய இடங்களில் டாம் டைலரைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் நகரும் மேகங்களை ஒளிவீசிப் படமாக்கினார்கள். கிளம்பும்போது எகிறிக் குதிப்பவர் சண்டைக் கலைஞர் டேவிட் ஷார்ப். ஆக ஒரே பறத்தல் மூன்று துண்டுகள்: குதிக்கும் மனிதர், சறுக்கும் பொம்மை, நெருக்கத்தில் நடிகர். வெட்டு விழும் இடங்களை நிதானமாகப் பாருங்கள், மூன்றும் பிடிபடும். உருமாற்றம் இன்னும் எளிது. காக்லன் 'ஷஸாம்' என்றதும் புகைப்பொடி வெடிக்கும். புகைக்குள் ஆள் மாறுவார்.

1978-இல் பெரும் பொருட்செலவில் எடுத்த சூப்பர்மேன் படத்துக்கும் திரையொளி முறையைத்தான் நம்ப வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், ஏழு கிலோ காகிதத்தின் அருமை புரியும்.

கே: அந்தத் தொடரைப் பார்க்க ஆசை. காமிக்ஸ் படித்துவிட்டுப் பார்க்கலாமா?

ப: படித்துவிட்டுப் பார்த்தால் திடுக்கிடுவீர்கள். கதை சயாமில் கல்லறைப் பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. வில்லன், காமிக்ஸில் வரும் டாக்டர் சிவானா இல்லை. 'ஸ்கார்ப்பியன்' என்ற முகமூடிக்காரன். தங்கத் தேள் சிலையின் கண்ணாடி வில்லைகளைத் தேடி எல்லோரும் அலைகிறார்கள். காமிக்ஸ் கேப்டன் சிரித்த முகம். டாம் டைலர் சிரிப்பதே அரிது. ஓடும் ஆட்களை இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார், ஒருவனைக் கூரையிலிருந்து தூக்கி எறிகிறார். கதை முடிவில் தேள் எரிமலைக் குழம்பில் போனதும் பில்லியின் சக்தியும் போய்விடும்.

பார்க்கும் முறை: முதல் பாகம் சுமார் அரைமணி, மற்ற 11 பாகங்கள் ஒவ்வொன்றும் கால்மணிக்குச் சற்றுக் கூடுதல். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரம் ஒன்றாகக் காட்ட எடுத்தது. ஒவ்வொரு பாகமும் முந்திய ஆபத்தைத் திரும்பக் காட்டித்தான் தொடங்கும். ஓர் உட்காரலில் இரண்டு பாகம் போதும், மூன்றாவதில் சலிக்கும். 1953-இல் இதே தொடர் 'ரிட்டர்ன் ஆஃப் கேப்டன் மார்வெல்' என்ற பெயரில் மறுவெளியீடு கண்டது. புதிய தொடர் என்று நினைத்து இரண்டையும் தேடாதீர்கள்.

கே: சூப்பர்மேனைப் பார்த்துக் காப்பி அடித்ததால் நீதிமன்றம் கேப்டன் மார்வெலைத் தடை செய்தது என்பது உண்மையா?

ப: நீதிமன்றம் தடை செய்யவில்லை. சமரசம் செய்துகொண்டு ஃபாசெட்டே நிறுத்தியது. இடையில் நடந்தது 12 ஆண்டுக் கூத்து.

சூப்பர்மேனின் உரிமையாளரான நேஷனல் நிறுவனம் (இன்றைய டி.சி.) 1941-இல் வழக்குப் போட்டது. அதற்கு முன்பே ஃபாக்ஸ் பதிப்பகத்தின் 'ஒண்டர் மேன்' மீது வழக்குப் போட்டு 1940-இல் மேல்முறையீட்டிலும் வென்ற தெம்பு அவர்களுக்கு. ஒண்டர் மேன் ஒரே இதழில் முடிந்தவர். கேப்டன் மார்வெலோ மாதந்தோறும் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் சூப்பர்மேனையே விற்பனையில் முந்தியவர். எளிதில் விடுவார்களா?

விசாரணை நியூயார்க்கில் 1948-இல்தான் நடந்தது. 1950-இல் நீதிபதி காக்ஸின் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. கேப்டன் மார்வெல் கதைகளில் சூப்பர்மேனிலிருந்து எடுத்தாண்டது இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் உரிமையை நேஷனல் இழந்துவிட்டது. காரணம், செய்தித்தாள்களில் சூப்பர்மேன் படக்கதையை விநியோகித்த மெக்ளூர் நிறுவனம் பல துண்டுகளில் காப்புரிமைக் குறிப்பைச் சரியாக அச்சிடவில்லை. 1909-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி வெளியீட்டில் அந்தக் குறிப்பு, உரிமையாளர் பெயரோடு, இருந்தாக வேண்டியிருந்தது. ஒரு வரி அச்சு விடுபட்டதற்கு அவ்வளவு விலை!

1951 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் அதை மாற்றினார். குறிப்பு விடுபட்ட துண்டுகளுக்கு மட்டும் உரிமை போகலாம். அதற்காகச் சூப்பர்மேன் முழுவதையும் நேஷனல் கைவிட்டதாகக் கொள்ள முடியாது. ஆனால், எந்த மார்வெல் கதை எந்தச் சூப்பர்மேன் கதையிலிருந்து எடுத்தது என்பதை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்.

நூற்றுக்கணக்கான கதைகளைத் துண்டு துண்டாக ஒப்பிடும் செலவை நினைத்துப் பாருங்கள். அதற்குள் சூப்பர் வீரர் கதைகளுக்கே சந்தை சரிந்துவிட்டது. 1953-இல் ஃபாசெட் 4 லட்சம் டாலர் கொடுத்து, இனி வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. 'விஸ்' 155-ஆம் இதழோடும், 'அட்வென்சர்ஸ்' 150-ஆம் இதழோடும் நின்றன. 'மார்வெல் ஃபேமிலி' 89-ஆம் இதழ் 1954 ஜனவரி தேதியோடு கடைசி.

காப்பியா இல்லையா என்று எங்கள் கருத்தையும் கேட்டிருக்கிறீர்கள். உடையும் பலமும் வாங்கியவைதான். ஆனால் ஒரு சிறுவன் ஒரு சொல் சொன்னால் பெரியவனாகிவிடலாம் என்ற எண்ணம் சூப்பர்மேனிடம் இல்லவே இல்லை. குழந்தைகள் காசு கொடுத்தது அதற்குத்தான்.

கே: பிரிட்டனின் 'மார்வெல்மேன்' இவருக்குத் தம்பியா?

ப: திடீர் வாரிசு. லண்டனில் கேப்டன் மார்வெலை மறுபதிப்புச் செய்துவந்த எல். மில்லர் நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து சரக்கு நின்றுபோனது. வாசகரை விடவும் மனமில்லை. மிக் ஆங்லோவைக் கூப்பிட்டு மாற்று வீரனைச் செய்யச் சொன்னார்கள். தலைமுடி கறுப்பிலிருந்து பொன்னிறம், உடை சிவப்பிலிருந்து நீலம், அங்கி கழற்றப்பட்டது, பில்லி பேட்சன் மிக்கி மோரன் ஆனான். மந்திரச் சொல் 'கிமோட்டா'; 'அட்டாமிக்' என்பதைப் பின்னாலிருந்து வாசித்துப் பாருங்கள். இதழ் எண்ணைக்கூட மாற்றவில்லை: 1954 பிப்ரவரியில் 25-ஆம் எண்ணிலிருந்தே 'மார்வெல்மேன்' தொடங்கியது. 1963-இல் நின்று, 1982-இல் 'வாரியர்' இதழில் ஆலன் மூர் எழுத்தில் முற்றிலும் வேறு முகத்தோடு எழுந்தது. அமெரிக்காவில் 1985-இல் அது 'மிராக்கிள்மேன்' என்று பெயர் மாறி வந்ததற்குக் காரணம், மார்வெல் நிறுவனத்தின் ஆட்சேபம். வாரிசுக்கும் பெயர் தங்கவில்லை.

கே: சரி, டி.சி. நிறுவனம் பாத்திரத்தை வாங்கிவிட்டதே. பெயர் எப்படி மார்வெலிடம் போனது?

ப: இங்கே இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காப்புரிமை என்பது கதைக்கும் படத்துக்கும். வணிகச் சின்ன உரிமை என்பது அட்டையில், பொம்மையில், விளம்பரத்தில் போடும் பெயருக்கு. முன்னது காலக்கெடு உள்ளது. பின்னது பயன்படுத்தும் வரை நிற்கும், பயன்படுத்தாமல் கிடந்தால் கைநழுவும். 1954 முதல் 'கேப்டன் மார்வெல்' என்ற அட்டைப் பெயர் அநாதையாகக் கிடந்தது.

1966-இல் எம்.எஃப். எண்டர்பிரைசஸ் என்ற சிறு பதிப்பகம் அந்தப் பெயரை எடுத்தது. அவர்களுடைய கேப்டன் ஓர் இயந்திர மனிதன்; 'ஸ்ப்ளிட்!' என்று கத்தினால் கை கால் தனித்தனியே கழன்று பறக்கும். சில இதழ்களிலேயே கழன்றுபோனான். மார்வெல் நிறுவனம் சும்மா இருக்குமா? தன் பெயரைத் தாங்கிய பட்டம் அல்லவா! 1967 டிசம்பர் தேதியிட்ட 'மார்வெல் சூப்பர்-ஹீரோஸ்' 12-ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஜீன் கோலனும் வேற்றுக்கிரக வீரன் மார்-வெல்லை இறக்கினார்கள். அன்று முதல் ஆள் மாறினாலும் பெயரை விடவில்லை; 1982-இல் மோனிக்கா ராம்போ, 2012-இல் கேரல் டான்வர்ஸ் என்று கைமாறிக்கொண்டே வருகிறது.

டி.சி. 1972-இல் ஃபாசெட்டிடம் உரிமம் வாங்கியபோது காலம் கடந்துவிட்டது. (வழக்குப் போட்டு நிறுத்தியவரே பின்பு வாடகைக்கு எடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.) உள்ளே அவரைக் கேப்டன் மார்வெல் என்று அழைக்கலாம், அட்டைத் தலைப்பாகப் போட முடியாது. ஆகவே 1973 பிப்ரவரி தேதியோடு வந்த இதழின் பெயர் 'ஷஸாம்!'. தலைப்புக்குக் கீழே 'அசல் கேப்டன் மார்வெல்' என்று சிறிய எழுத்தில் போட்டுப் பார்த்தார்கள். மார்வெல் அதற்கும் நோட்டீஸ் விட்டது. 15-ஆம் இதழிலிருந்து அந்த இடத்தில் 'உலகின் மிக வலிய மனிதர்' என்ற வாசகம் வந்தது. 1 முதல் 14 வரை உள்ள அட்டைகளையும் 15-ஐயும் பக்கத்தில் வைத்தால் சண்டை கண்ணுக்கே தெரியும்.

பெக் மீண்டும் வரைய வந்தார், கதைகள் பிடிக்காமல் 10 இதழ்களோடு விலகினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

கே: தொலைக்காட்சித் தொடரில் ஏன் வில்லன்களே இல்லை?

ப: ஃபில்மேஷன் நிறுவனம் 1974 முதல் சி.பி.எஸ். அலைவரிசையில் சனிக்கிழமைக் காலையில், குழந்தைகளுக்காக எடுத்தது. அந்த நேரத்தில் அடிதடி காட்டுவதற்குக் கெடுபிடி அதிகம். அதனால் மைக்கேல் கிரே நடித்த பில்லி, 'மென்ட்டர்' என்ற முதியவரோடு வண்டியில் ஊர் ஊராகப் போய், தடம்புரளும் சிறுவர்களுக்குப் புத்தி சொல்வான். கேப்டன் கடைசியில் வந்து ஒரு காரையோ கதவையோ தூக்குவார். ஆறு தெய்வங்களும் அசைபட உருவில் வந்து அறிவுரை சொல்வார்கள். 28 அத்தியாயங்கள். கேப்டனாக முதலில் ஜாக்ஸன் பாஸ்ட்விக், இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே ஜான் டேவி. முகம் மாறியது ஏன் என்று குழம்ப வேண்டாம், ஆளே மாறிவிட்டார்.

கே: விஸ் காமிக்ஸ் 2-ஆம் இதழ் 'அசல்' என்று இணையத்தில் ஒருவர் விற்கிறார். எப்படிச் சோதிப்பது?

ப: முதலில் அளவுகோல். 1940-இன் அசல் சுமார் 7¾ அங்குல அகலம், 10¼ அங்குல உயரம். டி.சி. 1974-இல் 'ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்' வரிசையில் எஃப்-4 என்ற எண்ணோடு இதை விளம்பரங்கள் உட்பட அப்படியே மறுபதிப்புச் செய்தது; ஆனால் அளவு சுமார் 10 அங்குலம், 13½ அங்குலம். அதற்குத் தடித்த வெளி அட்டை ஒன்று உண்டு. அதைக் கிழித்துவிட்டு உள்ளே இருப்பதை அசல் என்று விற்பது பழைய தந்திரம். ஒளிப்படத்தில் பெரிதும் சிறிதும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனவே அட்டைமேல் அளவுகோலை வைத்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

2000-இல் 'மில்லெனியம் எடிஷன்' என்று வழக்கமான அளவிலும் ஒரு மறுபதிப்பு வந்தது. அதன் அட்டையிலேயே வரிசையின் பெயர் இருக்கும், தாளும் வெள்ளை. அசலின் தாள் செய்தித்தாள் ரகம், ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறியிருக்கும். பக்கம் முழுக்கச் சீரான பழுப்பு என்றால் தேநீரில் நனைத்ததோ என்று சந்தேகப்படுங்கள். அளவு சரி, தாள் சரி என்றால்கூட, இந்த இதழின் விலைக்குத் தரச்சான்று நிறுவனம் பார்த்து முத்திரையிடாத பிரதியை வாங்குவது சூதாட்டம்.

கே: என்னிடம் 1970-களின் 'ஷஸாம்!' இதழ்கள் சில உள்ளன. தாள் மஞ்சளாகிறது. நிறுத்த முடியுமா?

ப: நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். மரக்கூழில் உள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டு அமிலமாகிறது. அது தாளைத் தானே தின்கிறது. பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் மையை ஒட்டிப் பிடிக்கும். பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமற்ற அட்டை, நிமிர்த்தி அடுக்கக் கனமான பெட்டி. சாய்ந்து நின்றால் முதுகு வளையும். ஈரம் கூடினால் இதழைத் தைத்த கம்பிப் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தைக் கழற்றும். கிழிசலுக்கு ஒட்டுநாடா மட்டும் போடாதீர்கள். பசை பத்தாண்டில் பழுப்புக் கறையாகி எழுத்தோடு இறங்கிவிடும்.

கே: புதிதாகப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

ப: ஜெர்ரி ஆர்ட்வேயின் 1994 முழுநீளக் கதை 'தி பவர் ஆஃப் ஷஸாம்!'. பழைய வாசனையும் புதிய ஓவியமும் ஒத்துப்போன அரிய இடம். குழந்தைகளோடு படிக்க ஜெஃப் ஸ்மித் 2007-இல் நான்கு பாகமாகச் செய்த 'தி மான்ஸ்டர் சொசைட்டி ஆஃப் ஈவில்'. 2019 படத்தின் வேர் தேவையென்றால் ஜெஃப் ஜான்ஸ், கேரி ஃபிராங்க் கூட்டணி.

அந்த 'மான்ஸ்டர் சொசைட்டி'யின் மூலக்கதை 1943 முதல் 1945 வரை, 'அட்வென்சர்ஸ்' 22 முதல் 46 வரை 25 பாகமாக வந்தது. எழுதியவர் ஓட்டோ பைண்டர்; மார்வெல் குடும்பக் கதைகளில் பாதிக்கு மேல் அவர் கை. உலகையே மிரட்டும் மர்ம வில்லன் மிஸ்டர் மைண்ட் கண்ணாடி போட்ட ஒரு சிறு புழு என்று தெரியவரும் இடம் அபாரம். 1989-இல் 3,000 பிரதிகள் மட்டும் பெரிய புத்தகமாக வந்தது. டி.சி. மறுபதிப்பை அறிவித்துப் பிறகு கைவிட்டது. ஜப்பானியரையும் கறுப்பினத்தவரையும் வரைந்த விதம் இன்று கண்கொண்டு பார்க்க முடியாதது. அன்றும் எல்லோரும் சும்மா இருக்கவில்லை. 'ஸ்டீம்போட்' என்ற கறுப்பினப் பணியாள் பாத்திரத்தை எதிர்த்து நியூயார்க் பள்ளி மாணவர்கள் ஃபாசெட் அலுவலகத்துக்கே போய்ப் பேசி, 1945-இல் அதை நீக்கவைத்தார்கள்.

கே: வில்லன் பிளாக் ஆடம் பழைய காமிக்ஸில் எத்தனை முறை வந்தார்?

ப: ஃபாசெட் காலத்தில் ஒரே முறை. 1945 டிசம்பர், 'மார்வெல் ஃபேமிலி' முதல் இதழ். அதிலேயே இறந்தும் போனார். பல்லாயிரம் ஆண்டு வயதான அவரைத் தந்திரமாக 'ஷஸாம்' என்று சொல்லவைத்தார்கள். மனித உருவுக்குத் திரும்பியதும் அத்தனை வயதும் ஒரேயடியாக இறங்கிப் பொடியாகிவிட்டார். டி.சி. 1977-இல், 'ஷஸாம்!' 28-ஆம் இதழில் எழுப்பியது. 2022-இல் டுவெய்ன் ஜான்சன் நடித்து முழுப்படம்.

கே: சூப்பர்மேனும் ஷஸாமும் மோதினால்?

ப: சூப்பர்மேனுக்கு மாயசக்தியிடம் பாதுகாப்பு இல்லை. ஷஸாமின் மின்னல் மாயசக்தி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கே: இப்போது அவரை என்னவென்றுதான் அழைப்பது?

ப: டி.சி. 2012-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு, பாத்திரத்தின் பெயரையே 'ஷஸாம்' ஆக்கிவிட்டது. பில்லிக்கு வல்லமை தந்த மந்திரவாதியின் பெயரும் மந்திரச் சொல்லும் வீரனின் பெயரும் ஒன்றே. இதனால் ஜூனியருக்கு இருந்த பழைய தொல்லை இவருக்கும் வந்து சேர்ந்தது: தன்னை அறிமுகம் செய்துகொள்ள வாயைத் திறந்தால் மின்னல். 2019 படத்தில் அவருக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துப் பார்க்கிறார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை. 2023-இல் மார்க் வெய்டும் டான் மோராவும் தொடங்கிய தொடரில் அவர் தன்னைச் சொல்லிக்கொள்வது 'தி கேப்டன்'. 'மார்வெல்' என்ற பாதியைக் கேட்க யாரும் துணியவில்லை.